அடையாளம் சொல்லிவிட்டுப் பேசவும்

கிரேன்காரரிடம் ஒரு கிரேனும் ஒரு ஜோடி வாக்கி-டாக்கியும் ஒரு மைத்துனனும் இருந்தார்கள். மூன்றில் ஓயாமல் சத்தம் போட்டது மைத்துனன்தான். அதற்காகவே அவனை வேலைக்கு வைத்திருந்தார்.

ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி என்று கனமான எதையாவது கட்டடங்களின் பின்புறத்தில் இறக்கிவைப்பது அவர்கள் தொழில். பின்புறத்துக்கு வண்டி போக வழி இருக்காது. கிரேன் முன்னால் தெருவில் நிற்கும். பொருள் கூரைக்கு மேலாகப் போய் அந்தப் பக்கம் இறங்கும். கேபினில் இருக்கும் கிரேன்காரருக்குக் கூரை மட்டும்தான் தெரியும். இறங்கும் இடத்தில் மைத்துனன் வாக்கி-டாக்கியோடு நின்று பேசுவான். அவன் பேசிக்கொண்டிருக்கும்வரை அவர் இறக்குவார். அவன் வாயை மூடினால் நிறுத்துவார். "நிறுத்து" என்று சொல்லும் வழக்கமே அவர்களிடம் இல்லை. அந்த வார்த்தை வாயிலிருந்து வந்து சேர்வதற்குள் பொருள் ஒரு சாண் இறங்கிவிடும். தவிர, கருவி கெட்டாலும், மைத்துனன் தடுக்கி விழுந்தாலும், குரல் நின்றுவிடும், கையும் நின்றுவிடும். மௌனத்தைவிட வேகமான கட்டளை இல்லை என்று அவர்கள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள்.

என்ன பேசுகிறான் என்பது முக்கியமில்லை. "மெதுவா, மெதுவா" என்று தொடங்கி, அக்கா கட்டிக்கொடுத்த சாப்பாட்டில் உப்பில்லை என்பதையும், மாமாவின் முன் வழுக்கை பின் வழுக்கையைப் பிடிக்கப் போகிற வேகத்தையும் சொல்லிக்கொண்டே இருப்பான். கிரேன்காரர் அதையெல்லாம் காதால் கேட்டதில்லை. கையால் கேட்டார்.

ஒருநாள் மைத்துனன் வாயை மூடினான். குரல் நிற்கவில்லை.

"வாங்க சார், வாங்க, பின்னால வாங்க, நிறைய இடம் இருக்கு" என்று வாக்கி-டாக்கியில் யாரோ பேசிக்கொண்டு போனார். கை கொஞ்ச நேரம் ஏமாந்தது. அந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டி மைத்துனனின் இடது செருப்பின் மேல் உட்கார்ந்தது. கால் அதில் இல்லை.

மைத்துனன் ஒற்றைச் செருப்போடு கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு வந்தான். "ஏன் மாமா, நான் உங்களுக்குப் பாரமா இருக்கேன்னா வாயால சொல்லியிருக்கலாமே" என்றான். பிறகு கிரேனின் படியில் உட்கார்ந்தான். அவன் பேசாமல் உட்கார்ந்து கிரேன்காரர் பார்த்தது அதுவே முதல் முறை.

அடுத்த தெருவில் புதிதாகத் திறந்திருந்த வணிக வளாகத்தின் கார் நிறுத்துமிடக் காவலர்களுக்கும் அதே அலைவரிசை கொடுக்கப்பட்டிருந்தது. கிரேன்காரர் அலைவரிசை ஆணையத்துக்குப் புகார் கொடுக்கப் போனார்.

நாட்டின் எல்லா அலைகளையும் ஆளும் அந்தக் கட்டடத்துக்குள் யாருடைய கைபேசியும் எடுக்காது. முதல் மாடியில் ஒதுக்கீட்டுப் பிரிவு. இரண்டாவது மாடியில் இடையூறுப் பிரிவு. முதல் மாடி செய்வதை இரண்டாவது மாடி விசாரிக்கும். இரண்டு மாடிக்கும் ஒரே படிக்கட்டு; ஆனால் எதிரெதிரே வந்தால் ஒருவரையொருவர் பார்க்காமல் கடந்துபோகும் அளவுக்கு அது அகலமாகக் கட்டப்பட்டிருந்தது.

இடையூறு அதிகாரி மென்மையானவர். புகாரை முழுக்கக் கேட்டுவிட்டு, யாருக்காவது அடிபட்டதா என்றார். செருப்பு நசுங்கியது என்றார் கிரேன்காரர்.

"கால் உள்ள இருந்துச்சா?"

"இல்லைங்க. இழுத்துக்கிட்டான்."

"அவசரப்பட்டுட்டாரு" என்றார் அதிகாரி. அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. சட்டத்தில் இடையூறு வேறு, தீங்கான இடையூறு வேறு என்று விளக்கினார். முதல் வகைக்கு ஆணையம் வருந்தும். இரண்டாவது வகைக்குத்தான் நடவடிக்கை எடுக்கும். தீங்கு என்றால் உடலில் தெரிய வேண்டும். செருப்பு உடல் ஆகாது என்று பழைய தீர்ப்பு ஒன்று இருக்கிறது. அது வேறு ஒருவரின் தொப்பியைப் பற்றியது என்றாலும் தத்துவம் ஒன்றுதான்.

அப்படியானால் தனக்கு வேறு அலைவரிசை கொடுத்துவிடும்படி கிரேன்காரர் கேட்டார். தகராறில் இருப்பவர்களுக்குப் புதிதாக ஒதுக்க முடியாது என்றார் அதிகாரி.

"நான் தகராறு பண்ணலைங்க. புகார் குடுக்கத்தான் வந்தேன்."

"குடுத்துட்டீங்கல்ல? இப்ப தகராறு."

ஆணையத்தின் தலைவர் முன்னால் விசாரணை நடந்தது. வளாகத்தின் சார்பில் ஒரு வழக்கறிஞர் வந்திருந்தார். ஒரு காருக்கு இடம் காட்டத் தாமதமானால் பின்னால் வரிசை நீள்வதையும், வரிசையில் நிற்பவர்களின் மனம் என்ன பாடுபடும் என்பதையும் அவர் தழுதழுத்த குரலில் எடுத்துரைத்தார். ஒரு பக்கம் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் நிம்மதி. இன்னொரு பக்கம் ஒரு செருப்பு, அதுவும் இடது, என்றார். கிரேன்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மைத்துனன், வலது செருப்பும் இப்போது எதற்கும் உதவாது என்பதையும் கணக்கில் சேர்க்கச் சொன்னான். அது குறிப்பில் ஏறவில்லை.

தலைவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பேசினார்.

"அலைங்கிறது இயற்கை வளம். ஆறு மாதிரி, காடு மாதிரி. ஆறும் காடும் நம்ம கையை விட்டுப் போயிருச்சு. இதையாவது நாகரிகமா பங்குபோட்டுக்கணும். ரெண்டு பேரும் நல்லவங்க. ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குத் தெரியாததுதான் பிரச்சினை. பேசறதுக்கு முன்னாடி யாருன்னு சொல்லிட்டுப் பேசினா உலகத்துல பாதிச் சண்டை இருக்காது."

இடைக்கால உத்தரவு அன்றே வந்தது. அலைவரிசை இருவருக்கும் பொது. யார் பேசுவதானாலும் முதலில் ஆணையம் வகுத்த அடையாள உரையைச் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும். இடையில் மற்றவர் குரல் வந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். வளாகத்துக் காவலர்கள் அடிக்கடி மாறுவதால் அவர்கள் உரையைக் கற்றுக்கொள்ள அவகாசம் தரப்பட்டது. கிரேன் தரப்பில் ஒரே ஆள் என்பதால் அவகாசம் தேவைப்படவில்லை. மீறினால் உரிமம் ரத்து. உரிமம் இல்லாத கிரேனுக்குக் காப்பீடு கிடையாது. காப்பீடு இல்லாத கிரேனைத் தெருவில் நிறுத்த முடியாது.

உரை இதுதான்: "வணக்கம். இது நிலம்சார் தனியார் தொழில் வானொலி, மூன்றாம் வகை, தூக்குதல் மற்றும் இறக்குதல் பணி. இந்த அலைவரிசையில் வேறு எவரேனும் உரையாடிக்கொண்டிருந்தால் பொறுத்தருளவும். எவரும் இல்லையென உறுதிசெய்துகொண்டு, ஆணையத்தின் அனுமதியுடன், நான் இப்போது பேசத் தொடங்குகிறேன்."

மைத்துனன் அதை வீட்டில் மனப்பாடம் செய்தான். கிரேன்காரரின் மனைவி அடுப்படியில் நின்றபடி தம்பியைச் சொல்லவைத்துத் தப்பு கண்டுபிடிப்பாள். "பொறுத்தருளவும்" அவன் வாயில் நுழைய மறுத்தது. இந்த வார்த்தையை யாரிடமும் சொல்லும்படி தான் இதுவரை நடந்துகொண்டதில்லை என்றான். பிறகு நன்றாகப் பழகிவிட்டது. தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமென்றாலும் முழு உரையையும் சொல்லிவிட்டு, ஆணையத்தின் அனுமதியுடன் தட்டை நீட்டுவான். அக்கா கரண்டியால் அவன் தலையில் ஒன்று போட்டுவிட்டுச் சோற்றைப் போடுவாள்.

வேலையில்தான் சிக்கல். உரை சொல்லும்போது இறக்கக் கூடாது, அது முடிந்து பேச்சு வந்த பிறகுதான் இறக்க வேண்டும் என்று இருவரும் பேசிவைத்துக்கொண்டார்கள். கிரேன்காரரின் மூளை அதைப் புரிந்துகொண்டது. கைக்குப் புரியவில்லை. எத்தனையோ வருஷமாக அந்தக் குரல் கேட்டால் அசைந்த கை, அது வணக்கம் சொல்கிறதா வழுக்கையைப் பழிக்கிறதா என்று பார்க்கவில்லை. முதல் வேலையிலேயே உரை பாதி போகும்போது பொருள் இறங்கத் தொடங்கியது. மைத்துனன் வாக்கி-டாக்கியை அணைத்துவிட்டு நடந்தே கேபினுக்கு வந்தான். கிரேன்காரர் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மைத்துனன் ஒரு விசில் வாங்கி வந்தான். ஊதிக்கொண்டிருந்தால் இறக்கு, ஊதாவிட்டால் நில். வளாகத்துக் காவலர்கள் காற்றில் கார்களை வரவேற்றுக்கொண்டிருக்க, இவர்கள் விசிலிலேயே ஊரின் பாதி ஜெனரேட்டர்களை இறக்கினார்கள். ஊதும்போது பேச முடியாததுதான் மைத்துனனுக்கு ஒரே குறை. சேர்த்து வைத்து வீட்டுக்கு வந்து பேசினான்.

ஆணையத்திலிருந்து அழைப்பு வந்தது. அதிகாரி முன்போலவே மென்மையாக இருந்தார்.

"எங்க பதிவுக் கருவியில உங்க பக்கம் வெறும் மௌனமா இருக்கே. பேசவே மாட்டேங்கறீங்களே."

விசில் வைத்து வேலை நடக்கிறது, ஆபத்து ஒன்றும் இல்லை என்றார் கிரேன்காரர்.

"ஆபத்து இல்லையா?" அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப உங்க புகார் பொய்யாகுதே. பொய்ப் புகாருக்குத் தனி விதி இருக்கு. சரி, அதை விடுங்க. அலைவரிசையைப் பயன்படுத்தாம வச்சிருக்கிறது அதைவிடப் பெரிய குத்தம். எத்தனை பேர் கிடைக்காம ஏங்கறாங்க தெரியுமா?"

பயன்படுத்தினால் ஆள் சாவான் என்று கிரேன்காரர் சொன்னார். அவர் வாழ்நாளில் ஓர் அலுவலகத்தில் குரலை உயர்த்தியது அப்போதுதான். அதிகாரி அவரைத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். சந்தேகத்துக்கு இடமே வேண்டாம், தானே நேரில் வந்து பார்ப்பதாகவும், உத்தரவின்படி அலைவரிசையில் பேசி ஒரே ஒரு பொருளை இறக்கிக் காட்டினால் போதும் என்றும், அன்றைக்கு அடையாள உரையில் ஒரு சொல் தவறினாலும் உரிமத்தைத் தன்னால் காப்பாற்ற முடியாது என்றும் சொன்னார். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் முகம் நண்பனின் முகம்போல இருந்தது.

ஆய்வு ஒரு நூலகக் கட்டடத்தில் நடந்தது. பின்புறச் சுவருக்கும் சிமெண்ட் மேடைக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நிற்கும் இடம் இருந்தது. மேடையில் ஜெனரேட்டரை உட்காரவைக்க வேண்டும். அதிகாரி முதலில் பின்பக்கம் போய் மைத்துனனைப் பார்த்தார். அவன் கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றச் சொன்னார். அது அங்கீகரிக்கப்பட்ட கருவி இல்லை. தன் சட்டைப்பையில் அதைப் பத்திரமாகப் போட்டுக்கொண்டு, முன்பக்கம் வந்து கேபின் படியில் ஏறி நின்றார். அங்கிருந்து பதிவு தெளிவாக இருக்கும். காவலர்களை வழக்கம்போல் பேசச் சொல்லி வளாகத்துக்கும் தகவல் போயிருந்தது. பேச ஆள் இல்லாவிட்டால் பகிர்வை எப்படிச் சோதிப்பது?

மைத்துனன் உரையைச் சொன்னான். கிரேன்காரர் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார். உரை முடிந்தது. "விடுங்க மாமா, மெதுவா, மெதுவா, பக்கத்துல பெரிய மனுஷர் இருக்காரு, மரியாதையா இறக்குங்க" என்று அவன் பேச, கை வெளியே வந்து லிவரைப் பிடித்தது. கூரைக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர் இறங்கியது. அவன் பேச்சை நிறுத்தினான். கை நின்றது. அவன் சுவருக்கும் மேடைக்கும் நடுவே புகுந்து, தொங்கும் ஜெனரேட்டரைத் தள்ளி, மேடையின் போல்ட்டுகளுக்கு நேராகத் திருப்பிக்கொண்டிருந்தான்.

அப்போது காவலர் குரல் வந்தது. வாங்க சார், வாங்க, பயப்படாம வாங்க. கிரேன்காரரின் கை அசையவில்லை. அந்தக் குரலை அது இதற்குள் கற்றுக்கொண்டிருந்தது. அதிகாரி பாராட்டும் விதமாகத் தலையை ஆட்டினார்.

மைத்துனனின் சட்டையோ கையோ எங்கோ மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். கொஞ்சம் தூக்கச் சொல்ல நினைத்திருக்க வேண்டும். இடையில் மற்றவர் குரல் வந்துவிட்டதால் அவன் முதலிலிருந்து தொடங்கினான்.

"வணக்கம்" என்றது வாக்கி-டாக்கி. "இது நிலம்சார் தனியார் தொழில் வானொலி..."

அந்நியக் குரலுக்கு எதிராக விறைத்து நின்ற கை, தெரிந்த குரலைக் கேட்டதும் தளர்ந்தது. தளர்ந்து, தன் வேலையைச் செய்தது. கிரேன்காரர் உரையைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாதே என்று உதட்டுக்குள் கூடவே சொல்லிக்கொண்டிருந்தார். "பொறுத்தருளவும்" சரியாக வந்தது. அதன் பிறகு மைத்துனன் வேகமாகச் சொல்லத் தொடங்கினான். அதிகாரி தன் குறிப்பில் "வேகம் கூடுதல்" என்று எழுதினார். எவரும் இல்லையென உறுதிசெய்துகொண்டு, என்றான். ஆணையத்தின் அனுமதியுடன், என்றான்.

குரல் நின்றது. கை நின்றது.

இறுதி விசாரணைக்குக் கிரேன்காரரின் மனைவியும் வந்தாள். காரியங்கள் முடிந்த நாளில் அவள் கணவரிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள். "உங்க கைக்கு அவன் குரல் தெரியாதா?" தெரிந்ததால்தான் அப்படி நடந்தது என்பதை அவரால் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் தட்டு வைக்கும் சத்தமும் தட்டு எடுக்கும் சத்தமும் மட்டுமே கேட்டன.

வழக்கறிஞர் இம்முறையும் தழுதழுத்தார். இறந்தவருக்குத் தலைவணங்கிவிட்டு, அடையாள உரையின் கடைசி வாக்கியம் முடிக்கப்படவில்லை என்பதைச் சுட்டிக்காட்டினார். பேசத் தொடங்குகிறேன் என்று சொல்லாதவர் சட்டப்படி பேசத் தொடங்கவில்லை. பேசாதவருக்கு இடையூறு நேர்ந்தது என்று எப்படிக் கொள்வது?

பதிவு ஒலிபரப்பப்பட்டது. தலைவர் கண்ணை மூடிக் கேட்டார். மறுபடி ஒருமுறை போடச் சொன்னார். பிறகு, மரணம் என்பது உரையைச் சுருக்குவதற்கு நியாயமான காரணம் என்று ஆணையம் கருதுவதாகவும், விடுபட்ட சொற்களை மன்னிப்பதாகவும் அறிவித்தார். தீங்கு உடலில் தெரிகிறது. ஆகவே இது தீங்கான இடையூறு. காவலர்கள் அடையாளம் சொல்லவில்லை; இறந்தவர் சொல்லியிருக்கிறார். அலைவரிசை இனி கிரேன்காரருக்கு மட்டுமே. வளாகத்துக்கு இதைவிட நல்ல அலைவரிசை ஒன்று ஏற்கெனவே ஒதுக்கப்பட்டுவிட்டது.

கிரேன்காரரின் மனைவி எழுந்து நின்றாள். உட்காரும்படி சொன்னதை அவள் கவனிக்கவில்லை.

"என் தம்பி இதையெல்லாம் சொல்லாம, கத்தியிருந்தா?"

தலைவர் அவளைக் கனிவாகப் பார்த்தார்.

"கத்தியிருந்தா அடையாளம் இல்லாத குரல்னு தள்ளுபடி பண்ணியிருப்போம்மா. உரிமமும் போயிருக்கும். அவரு கத்தலை. கடைசிவரைக்கும் முறைப்படி நடந்துக்கிட்டாரு. அதனாலதான் இன்னைக்கு நீங்க ஜெயிச்சிருக்கீங்க. இந்த ஆணையம் ஆரம்பிச்ச நாள்லேருந்து தீங்கை இவ்வளவு தெளிவா நிரூபிச்சவங்க யாரும் இல்ல."

அவள் வெளியே போனாள். கிரேன்காரர் வீட்டுக்குப் போனபோது அவள் அங்கே இல்லை. தம்பியின் துணிகளும் இல்லை.

ஒதுக்கப்பட்ட அலைவரிசையைச் சும்மா வைத்திருப்பது குற்றம் என்பதால் கிரேன்காரர் தொழிலைத் தொடர வேண்டியிருந்தது. கீழே நிற்கக் கூலிக்கு ஓர் ஆளைப் பிடித்தார். அந்த ஆள் அதிகம் பேசாதவர். உரிமம் புதுப்பிக்க, ஆணையம் புதிதாகத் தொடங்கியிருந்த பயிற்சி வகுப்பில் உரிமதாரர் உட்கார வேண்டும் என்றார்கள். போனார்.

வகுப்பில் டாக்சிக்காரர்கள், காவல் நிறுவனத்தார், திருமண மண்டபத்துக்காரர் ஒருவர் என்று பலர் இருந்தார்கள். வகுப்பை நடத்தியவர் இடையூறு அதிகாரி. அவருக்குப் பதவி உயர்வு கிடைத்திருந்தது. கிரேன்காரரைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு எல்லாரையும் பார்த்து, அடையாள உரையை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கு ஒரு முன்மாதிரி ஒலிப்பதிவு இருப்பதாகவும், உச்சரிப்புக்கு அதைவிடச் சிறந்த உதாரணம் ஆணையத்திடம் இல்லை என்றும், ஒவ்வொருவராக அதைக் கேட்டு அதேபோலச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். வேகத்தை மட்டும் சீர்செய்திருப்பதாகச் சொன்னார்.

ஒலிபெருக்கியில் மைத்துனன் வணக்கம் சொன்னான். மூன்றாம் வகை என்றான். பொறுத்தருளவும் என்றான், அக்கா திருத்திக் கொடுத்தபடி. ஆணையத்தின் அனுமதியுடன் என்றான். அதற்குப் பின் வேறொரு குரல், மென்மையான குரல், "நான் இப்போது பேசத் தொடங்குகிறேன்" என்று முடித்துவைத்தது.

டாக்சிக்காரர்கள் சொன்னார்கள். மண்டபத்துக்காரர் சொன்னார். கிரேன்காரரின் முறை வந்தது. அவர் எழுந்து நின்று, சொல்லுக்குச் சொல் அதே ஏற்ற இறக்கத்தில் சொன்னார். அறையில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். "ஆணையத்தின் அனுமதியுடன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"இன்னும் இருக்கே" என்றார் அதிகாரி.

"அவன் அவ்வளவுதாங்க சொன்னான்."

"தெரியும். அதனாலதான் நான் சேர்த்திருக்கேன். எழுந்திருங்க, முதல்லேருந்து."

கிரேன்காரர் எழுந்தார். வணக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினார். அதிகாரி விரலால் மேசையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். இம்முறை கிரேன்காரர் முழுவதும் சொன்னார்.